அல்லேலூயா சனியில் முதல் அடி

வேதத்தைப் பற்றி எழுத நீ யார் என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. அதற்குப் பாதர்மார் இருக்கிறார்கள், சிஸ்டர்மார் இருக்கிறார்கள். நான் சாதாரண தரப் பரீட்சை வரைக்கும் படித்து, மீன் வெட்டிக் கருவாடு போடுகிறவள். நாலு பேர் கூடி நின்றால் வேலியோரமாக விலகிப் போகிறவள். பூசை முடிந்து பாதர் ஏதாவது கேட்டால் பக்கத்தில் நிற்கிறவளின் முகத்தைப் பார்த்துத்தான் பதில் சொல்வேன். வாயால் சொல்லத் துணியாததை எழுதத் துணிந்ததற்கு வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். பிள்ளைகளுக்கு வேதத்தை உள்ளபடி ஊட்ட வேண்டும் என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். அப்படி ஊட்டிய ஒரு வருடம் எங்கள் கரையில் என்ன நடந்தது என்பதை மட்டும் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் கற்பிட்டிப் பக்கம். ஒரு புறம் கடல், மறு புறம் உப்புநீர்க் களப்பு, நடுவில் மணலும் தென்னையும் ஒரு சின்னக் கோயிலும். மறைக்கல்வி படிப்பித்த டீச்சர் குவைத்துக்குப் போனபோது சிஸ்டர் என்னைக் கேட்டார். எனக்குக் கதைக்க வராது என்றேன். கதைக்க வேண்டாம், வாசித்தால் போதும் என்றார். முதல் நன்மைக்கு, அதாவது முதன்முதலாக நற்கருணை வாங்க, ஆயத்தமாகும் பிள்ளைகள் கோயில் விறாந்தையில் பாய் விரித்து இருப்பார்கள். நான் கதிரையில் இருந்து சிஸ்டர் தந்த படப் புத்தகத்தை வாசிப்பேன். யாராவது விளக்கம் கேட்டால் அடுத்த பக்கத்தைத் திருப்புவேன். என் மகனும் அந்த வகுப்பில்தான் இருந்தான்.

சண்டை முடிந்து கடலில் தடைகள் எடுபட்ட காலம் அது. எல்லாக் கரையிலும் போட்டுகள் பெருகின, வலையில் படுவது குறைந்தது. சில பேர் வெடி போட்டு மீன் பிடிக்கத் தொடங்கினார்கள். எங்கள் சம்மாட்டியும் தொடங்கினார். போட்டும் வலையும் எஞ்சினும் அவருடையவை. ஊரில் பாதி ஆண்கள் அவரிடம்தான் தொழிலுக்குப் போனார்கள், என் வீட்டுக்காரரும் அப்படித்தான். வெடிக்குச் செத்த மீன் வெளியே பார்க்க நல்ல மீன் போலவே இருக்கும். கீறினால்தான் தெரியும். முதுகெலும்பு முறிந்து, அதை ஒட்டிக் கறுத்த இரத்தம் கட்டியிருக்கும். குடல் கூழாகக் கையில் வரும். வாடியில், கரையோர ஓலைக் கொட்டிலில், இருந்து மீன் வெட்டிய எல்லாப் பெண்களுக்கும் அது தெரியும். ஒருவரும் வாய் திறக்கவில்லை. உப்பைக் கொஞ்சம் கூடப் போட்டோம்.

அந்த வருடம் தவக்காலத்தில், எறிய முன்னமே ஒரு வெடி கையில் வெடித்தது. கல்யாணம் பேசியிருந்த பொடியன். அவனுடைய அண்ணனும் அதே போட்டில் இருந்தார். பொடியனைக் கரைக்குக் கொண்டுவந்தது மீனுக்கு ஐஸ் போடும் பெட்டியில். முழுதாக இல்லை. அண்ணன் தன்னுடைய சாரத்தை அவிழ்த்து அதன்மேல் போர்த்திவிட்டு, உள்ளே போட்டிருந்த கட்டைக் காற்சட்டையோடு பெட்டியைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தார். அவருடைய முகத்திலும் இரத்தம். அது அவருடையதா தம்பியுடையதா என்று தெரியவில்லை. எஞ்சின் வெடித்தது என்று சொல்லும்படி சம்மாட்டி சொன்னார். எல்லோரும் அப்படியே சொன்னார்கள், அண்ணனும்தான். அடக்கம் முடிந்து சில நாள் அவர் தொழிலுக்கும் போகவில்லை, ஒருவரோடும் கதைக்கவும் இல்லை. பிறகு ஒரு நாள் நேவி காம்புக்கு நடந்து போனார்.

நேவி வந்து வாடிக்குப் பின்னால் மணலைக் கிண்டியது. புதைத்து வைத்த வெடியை எடுத்து, ஒரு போட்டையும் இரண்டு ஆட்களையும் கொண்டுபோனது. காம்ப் வாசலில் அவரை யாரோ கண்டிருக்கிறார்கள்.

அவரை அடித்தது நாங்கள் மீன் வெட்டிக்கொண்டிருந்த இடத்தில், நல்ல வெயில் நேரத்தில். முதலில் சம்மாட்டியின் ஆட்கள் எஞ்சின் கயிற்றால் அடித்தார்கள். அவர் ஓடவில்லை. பிறகு துடுப்பால். துடுப்பு காலில் விழுந்தபோது வந்த சத்தத்தை நான் இன்றைக்கும் விறகு முறிக்கும்போது கேட்கிறேன். விழுந்தவரை உருட்டி வாய்க்குள் மணலைத் திணித்தார்கள். கதைத்த வாய்க்கு அது என்றார்கள். அவர் துப்பியபோது மணலோடு பல்லும் வந்தது. அவருடைய மனைவி மேலே விழுந்து தடுத்தபோது அவளுடைய முடியைப் பிடித்து இழுத்து விலக்கினார்கள். என் வீட்டுக்காரர் அந்தக் கூட்டத்தில் நின்றார். சும்மா நிற்கவில்லை. எங்கள் கையில் கத்திகள் இருந்தன. நாங்கள் தலையைக் குனிந்துகொண்டு மீனை வெட்டினோம். அவரை மீன் லொறியில் ஏற்றிப் புத்தளம் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிய பிறகு அவருடைய வாடிக்கு நெருப்பு வைத்தார்கள். தென்னோலை கொஞ்ச நேரத்தில் எரிந்து முடிந்தது. வலை எரிய நேரம் எடுத்தது, நாற்றம் பின்னேரம் வரை நின்றது.

அன்றிலிருந்து ஊரில் அவருக்குப் பெயர் யூதாஸ்.

இங்கே எங்கள் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். உயிர்த்த ஞாயிறுக்கு முதல் நாளை நாங்கள் அல்லேலூயா சனி என்போம். அன்று ஆண்கள் வைக்கோலில் ஒரு யூதாஸ் கட்டுவார்கள். தலைக்கு மண்சட்டி, வயிற்றுக்குள் மீன் குடலும் பட்டாசும். சட்டிக்குச் சுண்ணாம்பு பூசிக் கண் வரைவார்கள். கரையிலிருந்து கோயில் வெளி வரைக்கும் இழுத்துக்கொண்டு வந்து தென்னையில் தொங்கவிடுவார்கள். பிள்ளைகள் பொல்லுத் தடிகளோடு வரிசையில் நிற்பார்கள். முதல் அடியை அந்த வருடம் முதல் நன்மை வாங்கும் பிள்ளை ஒன்று அடிக்க வேண்டும். பிறகு எல்லோரும் அடிப்பார்கள். வயிறு கிழிந்து குடல் சரியும்போது கைதட்டுவார்கள், கடைசியில் நெருப்பு. பாதர் பல கோயில்களைப் பார்க்கிறவர் என்பதால் இரவுப் பூசைக்குத்தான் வருவார். நானும் சின்ன வயதில் அடித்திருக்கிறேன். நற்கருணை வாங்குவதற்கு அதுவும் ஓர் ஆயத்தம் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். வேதத்தில் இருப்பதைத்தான் செய்கிறோம் என்று நினைத்திருந்தோம்.

அடிபட்டவரின் மகள் என் வகுப்பில் இருந்தாள். அவளுக்கும் அந்த வருடம்தான் முதல் நன்மை. குருத்து ஞாயிறு முடிந்த கிழமை, பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் பிள்ளைகள் அவளைத் தென்னையோடு கட்டி அடித்துவிட்டார்கள். பச்சை மட்டையால் அடித்திருந்தார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது சட்டை முதுகில் ஒட்டிப்போயிருந்தது. கல் ஒன்று பட்டுக் காதுக்கு மேலே பிளந்திருந்தது. அவள் அழவில்லை. கட்டு அவிழ்த்ததும் மூத்திரம் போன தன் பாவாடையை மறைக்கத்தான் பார்த்தாள். மற்றப் பிள்ளைகள் ஓடிவிட்டார்கள், என் மகன் ஓடவில்லை. தான் பிழை செய்ததாக அவனுக்குத் தெரியாததால்தான் ஓடவில்லை.

"யூதாஸ்ட மகள்தானே அம்மா," என்றான். "சனிக்கிழம பெரியாக்களும் அடிக்கப் போறாங்கதானே?"

அவனையும் அடிக்கக் கை ஓங்கினேன். பிறகு அந்தக் கையால்தான் கயிற்றைச் சுருட்டினேன்.

இரண்டு நாள் கழித்து அந்தப் பிள்ளையின் தாய் என் வீட்டுக்கு வந்தாள். உள்ளே வரவில்லை, வேலிக்கு வெளியே நின்றாள். சம்மாட்டி ஆள் அனுப்பியிருக்கிறார். இந்த முறை முதல் அடி அவளுடைய மகள் அடிக்க வேண்டும். பொம்மைக்குப் போட, ஆஸ்பத்திரியில் கிடக்கும் புருஷனின் சேட்டு ஒன்றையும் சாரத்தையும் கொடியிலிருந்து ஏற்கெனவே எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். மகள் அடித்தால் குடும்பம் ஊரில் இருக்கலாம். அடிக்காவிட்டால் வாடிக்கு நடந்தது வீட்டுக்கும் நடக்கும். பிள்ளையோ மாட்டேன் என்கிறாள்.

"வைக்கல்தானே அக்கா," என்றாள் அவள். "வைக்கலுக்கு நோகுமா? ஒரு அடி போட்டிட்டு வரட்டும். அவள் என்ட சொல்லு கேக்கிறாளில்ல. நீங்க வேதத்தக் காட்டிச் சொன்னாக் கேப்பாள்."

ஓம் என்றேன். மனதாரத்தான் சொன்னேன். அந்தப் பிள்ளை உயிரோடு, ஒரு கூரையின் கீழ் இருக்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு எண்ணம் இருக்கவில்லை. யூதாஸ் அடிபட்ட இடத்தை வேதத்தில் எடுத்து, பார் மகள், எழுதியிருக்கிறது என்று காட்டினால் அவள் அடித்துவிடுவாள் என்று நினைத்தேன். படப் புத்தகத்தில் அவனைப் பற்றி ஒரு வரிதான் இருந்தது. காட்டிக்கொடுத்தான், கெட்டுப்போனான். அலுமாரிக்குள் என் கல்யாணத்துக்குக் கோயிலில் தந்த வேதப் புத்தகம் சேலைகளுக்கு அடியில் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு கருவாட்டுப் பாயடிக்குப் போனேன். காகம் துரத்திக்கொண்டே வாசித்தேன்.

அந்த இடம் கிடைக்கவில்லை. ஒரு நற்செய்தியில் இல்லை என்று அடுத்ததைப் பார்த்தேன், நாலையும் பார்த்தேன். அப்போஸ்தலர் பணிகளில் அவன் குடல் சரிந்து செத்தது இருந்தது. அடித்தது எங்கும் இல்லை. வேறு என்னவெல்லாமோ இருந்தன. அவனுடைய காலை ஆண்டவர் கழுவியிருக்கிறார், இவன் என்ன செய்யப் போகிறான் என்று தெரிந்துகொண்டே. தன் கையால் அப்பத்தைத் தோய்த்து அவனுக்குக் கொடுத்திருக்கிறார். பிடிக்க ஆட்களோடு வந்தபோதும் நண்பா என்றிருக்கிறார். இதெல்லாம் பூசையில் ஒவ்வொரு வருடமும் வாசிப்பதுதான். காதில் விழுந்திருக்கும். பொல்லு பிடித்த கைக்கு அது கேட்கவில்லை. பிள்ளைக்கு மீன் ஊட்டும்போது முள்ளை எடுத்துவிட்டுச் சதையைக் கொடுப்போம். இந்தச் சோற்றில் நாங்கள் சதையை எடுத்துவிட்டு முள்ளை ஊட்டியிருந்தோம்.

பெரிய வியாழன் பின்னேரம் வகுப்பு. அந்தப் பிள்ளை காதுக்கு மேலே கட்டோடு பாயின் ஓரத்தில் இருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் ஒருவரும் இருக்கவில்லை. நான் படப் புத்தகத்தை எடுக்கவில்லை. ஓலைக் கீற்று வைத்து அடையாளம் பண்ணிய பக்கங்களை ஒவ்வொன்றாக வாசித்தேன். ஒன்றையும் விடவில்லை. முத்தமிட்டதையும், வாளால் ஒருவனுடைய காது வெட்டுப்பட்டதையும், ஆண்டவர் அந்தக் காதைத் தொட்டுக் குணமாக்கியதையும், அவருடைய முகத்தில் அறைந்ததையும், கசையடியையும், யூதாஸ் மனம் நொந்து காசை எறிந்துவிட்டுப் போய்த் தொங்கியதையும் வாசித்தேன். பிள்ளைகளுக்கு இவ்வளவும் வேண்டுமா என்று பயமாகத்தான் இருந்தது. ஆனால் இதைவிடக் கொடியதை அவர்கள் கரையில் பார்த்திருந்தார்கள், தாங்களே செய்தும் இருந்தார்கள்.

அப்பத்தைத் தோய்த்த இடத்தில் ஒரு பொடியன் கேட்டான், "பாணைச் சம்பல்லயா டீச்சர் தோய்ச்சவர்?" எல்லோரும் சிரித்தார்கள். எதில் என்று எழுதியில்லை என்றேன். சிரிப்பு அடங்கிய பிறகு என் மகன் கேட்டான்.

"அடிச்சது எப்ப வரும்?"

"ஆருக்கு?"

"யூதாசுக்கு."

"அது எழுதியில்ல," என்றேன். "யூதாசுக்கு ஒருத்தரும் அடிச்சதா எழுதியில்ல. நானும் தேடினன்."

பிள்ளைகள் என்னை நம்பவில்லை. ஒருத்தி எழுந்து வந்து புத்தகத்துக்குள் எட்டிப் பார்த்தாள். அப்போது ஓரத்தில் இருந்தவள் வாய் திறந்தாள். யூதாசுக்குப் பிள்ளைகள் இருந்ததா என்று கேட்டாள். அதுவும் எழுதியில்லை என்றேன். எழுதாததைச் சொல்ல எனக்குப் பயம். அவளைக் கூப்பிட்டு நான் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அடி என்றும் சொல்லவில்லை, அடிக்காதே என்றும் சொல்லவில்லை. வகுப்பு முடிந்து தாயிடம் போய், காட்டுவதற்கு வேதத்தில் இடம் இல்லை என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையை எழுத வேண்டாம்.

சனிக்கிழமை பொம்மையை இழுத்துக்கொண்டு வந்தபோதே நாற்றம் வந்தது. சட்டித் தலைக்குக் கீழே அந்தச் சேட்டு இருந்தது, நீலக் கோடு போட்டது. ஆண்கள் குடித்திருந்தார்கள். சம்மாட்டி பிள்ளையின் கையில் ஒரு பொல்லைக் கொடுத்தார். அவளைவிடப் பெரிய பொல்லு. தாய் பின்னால் நின்று, அடி மகள், அடி மகள் என்று தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பிள்ளை பொல்லை மணலில் ஊன்றிக்கொண்டு நின்றாள்.

"ஓங்கு புள்ள. என்ன, அப்பாட சேட்டு கிழிஞ்சிருமெண்டு பாக்கிறியா?" என்றார் சம்மாட்டி. ஆண்கள் சிரித்தார்கள்.

"அடிச்சதா எழுதியில்ல," என்றாள் அவள்.

"எதில?"

"வேதத்தில."

சிரிப்பு நின்றது. சம்மாட்டி பொல்லைப் பிடுங்கி வரிசையில் அடுத்து நின்ற பிள்ளையிடம் நீட்டினார். அது என் மகன். அவன் பொல்லை வாங்கவில்லை. கையைக் காற்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டான். அவனுக்குப் பின்னால் நின்ற பெண்பிள்ளை தன் பொல்லைக் கீழே போட்டது. என் வீட்டுக்காரர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து மகனின் கன்னத்தில் அறைந்தார். மூக்கால் இரத்தம் வந்தது. மறுபடி அறைந்தார். மற்றத் தகப்பன்மாரும் தங்கள் பிள்ளைகளைத் தேடி வந்தார்கள். ஒரே நேரத்தில் எத்தனை பிள்ளைகள் அடிபட்டன என்று எனக்குத் தெரியாது. வைக்கோலுக்கு விழ வேண்டிய அடியெல்லாம் பிள்ளைகளுக்கு விழுந்தது. ஒன்றிரண்டு பிள்ளைகள் அடி தாங்காமல் பொல்லை எடுத்துப் பொம்மைக்கு அடித்தார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

சம்மாட்டி அந்தப் பிள்ளையின் இரண்டு கையையும் தன் கைக்குள் வைத்துப் பொல்லோடு சேர்த்து இறுக்கி, அவளைத் தூக்கி, பொம்மையை நோக்கி ஓங்கினார். அவளுடைய கால்கள் நிலத்தில் இல்லை. அதுவரைக்கும் நான் தென்னைக்குப் பின்னால் நின்றேன். எப்படி வந்தேன் என்று தெரியவில்லை. பிள்ளையின் இடுப்பைப் பிடித்து இழுத்தேன். பொல்லு என் இடது கையில் முழங்கைக்குக் கீழே இறங்கியது. எலும்பு முறிந்தது வெளியே தெரியவில்லை, எனக்கு உள்ளே தெரிந்தது. பிள்ளை என் மேல் விழுந்தாள். அவளை எனக்குக் கீழே போட்டுக்கொண்டு மணலில் குப்புறக் கவிழ்ந்துகொண்டேன். முதுகிலும் ஒன்று விழுந்தது. அது யாருடையது என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை.

பிறகு ஆண்கள் தாங்களே பொம்மையை அடித்தார்கள். சட்டி உடைந்தது, குடல் சரிந்தது, நெருப்பு வைத்தார்கள், பட்டாசு வெடித்தது. கைதட்டப் பிள்ளைகள் இல்லை.

என் வீட்டுக்காரர்தான் என்னை மோட்டார் சைக்கிளில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். பள்ளத்தில் விழும்போதெல்லாம் எனக்குக் கண் இருண்டது.

"வாயில்லாத பூச்சி எண்டு நினைச்சன் உன்ன," என்றார் பாதி வழியில். "பிள்ளைகளுக்கு என்னத்தக் கதைச்சுக் குடுத்திருக்கிறா?"

"நான் கதைக்கயில்ல," என்றேன். "வாசிச்சன்."

"பிஸ்ஸு உனக்கு. முழுப் பைத்தியம்," என்றார். ஆனால் அடுத்த பள்ளம் வந்தபோது வண்டியை மெதுவாக இறக்கினார்.

மறுநாள் உயிர்த்த ஞாயிறு. காலைப் பூசைக்குச் சனம் வந்தது. அந்தத் தாயும் மகளும் விடிந்ததும் வந்த முதல் பஸ்ஸில் வண்ணாத்திவில்லுப் பக்கம் உறவினர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். வீட்டுக்கு யாரும் நெருப்பு வைக்கவில்லை. எனக்குக் கையில் பிளாஸ்டர் போட்டிருந்ததால் அன்று சோறு ஆக்கியது என் வீட்டுக்காரர். பின்னேரம் மழை பெய்தது.